ஒரு பெயரில் பங்கு கேட்டு

என் அன்பு மகன் மிசாயேலுக்கு,

அம்மா எழுதுவது. கடல் தாண்டிய அந்த ஊரில் காய்ச்சலோ கொசுவோ உன் பக்கம் அண்டவிடாமல் கர்த்தர் உன்னைக் காத்துவருகிறார் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. இந்தக் கடிதத்தைப் பல் டாக்டர் எலியாசரிடம் கொடுத்தனுப்புகிறேன், உங்கள் குழுவோடு சேர்ந்துகொள்ள அவர் வியாழக்கிழமை விமானம் ஏறுகிறார். போனில் சொல்லலாம் என்றால் நீ கட்டட வேலை செய்யும் கிராமத்தில் சிக்னல் கிடையாது, குழுத் தலைவர் வாரம் ஒரு தடவை டவுனுக்குப் போய்த்தான் எல்லாருடைய குரலையும் பதிந்து அனுப்புகிறார், நாங்கள் அனுப்புவதும் பாஸ்டர் ஹெரேமியாஸ் கைவழியாகத்தான் உனக்கு வருகிறது. இந்தச் செய்தியை அவர் அந்த வழியில் விடமாட்டார். அதனால் மகனே, கையில் கரணையோ செங்கல்லோ இருந்தால் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து படி.

உன் மகள் பிறந்துவிட்டாள். நீ திரும்பி வந்த பிறகு பிறக்க வேண்டியவள், ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டாள். ஒரு பகலும் ஒரு இரவும் இருந்துவிட்டுப் போய்விட்டாள். இது நடந்து ஒரு மாதம் ஆகப்போகிறது, இத்தனை நாள் உன்னிடம் மறைத்து வைத்திருந்தோம். உன் டெல்மி துணி துவைத்துக்கொண்டிருந்தாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள், உன் அப்பா வெங்காயம் ஏற்றி வைத்திருந்த பிக்கப் வண்டியிலிருந்து மூட்டைகளைத் தெருவிலேயே தள்ளிவிட்டார், அவளை ஏற்றிக்கொண்டு செலா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்தவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்கள். குழந்தைக்கு நெற்றி முழுக்க முடி, நீ பிறந்தபோது உனக்கு இருந்த மாதிரியே. விரல்கள் நீளம். உன் அப்பா ஒரு விரலை நீட்டினார், அதைப் பிடித்துக்கொண்டாள்.

உன் மாமியார் தோனியா சோன் ஒரு பாட்டிலில் கோயில் தீர்த்தம் கொண்டுவந்திருந்தார். கத்தோலிக்கர்களுக்கு அந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாமாம், ஆனால் பெயர் சொல்லித்தான் ஊற்றவேண்டுமாம். பேரைச் சொல்லுடி என்று டெல்மியைப் போட்டு உலுக்கினார். பேரு எனக்குத் தெரியாதும்மா, அவரு மனசுலதான் இருக்கு என்றாள் இவள். நம் சபை வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, நாற்பதாம் நாள் அப்பன் குழந்தையை மேடையில் தூக்கிப் பிடித்துப் பெயர் சொல்லும் வரை யாரும் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். பெண் என்று ஸ்கேனில் தெரிந்த நாளிலிருந்து அவள் உன்னைக் கெஞ்சிக் கேட்டதும், மேடைக்கு வா சொல்றேன் என்று நீ அவளைச் சீண்டியதும் என் காதிலேயே விழுந்ததுதான். தோனியா சோனுக்கு அதெல்லாம் புரியவில்லை. உம் புருஷன் ஆப்பிரிக்காவுல சுவரு கட்டிக்கிட்டிருக்கான், அவன் வந்து வாயத் தொறக்குற வரைக்கும் இந்த உசுரு நிக்குமாடி, ஏதாவது ஒரு பேரச் சொல்லு என்று கத்தினார். ஏதாவது ஒரு பேரு எம் புள்ளைக்கு வேணாம் என்றாள் டெல்மி. கடைசியில் அந்த அம்மாள் பெயர் சொல்லாமலே நெற்றியில் ஈரம் தொட்டு வைத்துவிட்டு மூலையில் போய் அழுதார். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாளே அடக்கம். பெட்டியை உன் அப்பாவே மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு மலையேறினார், வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. கல்லறைக் காவல்காரர் வெள்ளைச் சிலுவையும் கறுப்புப் பெயிண்டும் எடுத்துவந்து என்ன எழுதணும் என்று கேட்டார். ஒண்ணும் எழுத வேணாம், அப்படியே நடுங்க என்று டெல்மிதான் சொன்னாள். சுற்றிலும் நீலமும் மஞ்சளும் பூசிய கல்லறைகள், எல்லாவற்றிலும் எழுத்து, நம் பிள்ளை மட்டும் வெறும் வெள்ளையாக நிற்கிறாள். உன் அப்பா தினம் சாயங்காலம் வயலிலிருந்து நேராக அங்கே போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார். கூப்பிடப் பேர் இல்லாததால் பாப்பா பாப்பா என்றுதான் பேசிவிட்டு வருகிறாராம், காவல்காரர் சொன்னார்.

உனக்கு உடனே சொல்லவேண்டும் என்று நான் பாஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் நல்ல மனிதர்தான், அடக்கத்தன்று அவரும் அழுதார், ஆனால் ஊழியத்துக்கென்று தலைமேல் கைவைத்து ஜெபித்து அனுப்பிய பையனை நடுவில் திரும்பிப் பார்க்க வைக்கக்கூடாது, முடிச்சிட்டு வரட்டும் சகோதரி, நாமளே நேர்ல சொல்லுவோம் என்று பிடிவாதமாக இருந்துவிட்டார். உன்னை அனுப்பப் பெண்கள் எல்லாரும் ஆறு மாதம் சோளமாவில் தமால் அவித்து விற்றோமே, அப்போதே இதையும் சேர்த்து யோசித்திருக்கலாம். வீட்டுக்கு வந்தால் டெல்மியும் அதையேதான் சொன்னாள். சொன்னா அழுதுக்கிட்டே சுவரு எழுப்புவாரு அத்தை, கோணலாப் போயிடும் என்றாள். சிரிப்பதற்காகச் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன், இல்லை. அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. குடிக்கப் பிள்ளை இல்லை என்பது உடம்புக்கு எப்படித் தெரியும். நானும் தோனியா சோனும் சேர்ந்து பின்கட்டு நீராவி அறையில் கல்லைச் சூடேற்றி, மூலிகை போட்டு, பிள்ளை பெற்றவளுக்குச் செய்யவேண்டிய குளியல் அத்தனையும் செய்தோம். உன் கல்யாணத்திலிருந்து அவரும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில்லை, அவருக்கு என் ஜெபம் ஆகாது, எனக்கு அவர் ஜெபமாலை ஆகாது, அந்த இருட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவள் முதுகைத் தேய்த்தோம். இப்போது தினம் காலையில் சோளக்கஞ்சி கொண்டுவருகிறார், நான் குடிக்கிறேன், உப்புக் குறைவு என்று மட்டும் சொல்வதில்லை.

இனி போன ஞாயிறு நடந்ததைச் சொல்லவேண்டும். நம் சபையில் ஆராதனை முடியும்போது உன் குரலை ஒலிபெருக்கியில் போடுவார்கள் அல்லவா, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, பக்கத்து மாதா கோயில்காரர்களுக்கும் சேர்த்து. எப்போதும்போல பாஸ்டர் தான் முன்னால் கேட்டுப் பார்க்காமலே போட்டுவிட்டார். முதலில் கூரை மட்டம் வரை சுவர் வந்துவிட்டது என்றாய், எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அப்புறம் நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் எவ்வளவு நாளாகக் கேட்கவில்லை. எங்களுக்குச் சமைக்கிற அம்மாவுக்குப் பொண்ணு பொறந்திருக்கு, நான்தான் பேரு வைக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க, எனக்குத் தெரிஞ்சது ஒரே பேருதான், எம் மகளுக்குன்னு வச்சிருந்தது, கொடுத்துட்டேன், சுலாமிதா, டெல்மி கோவிச்சுக்காத, ஒரே பேருல கடலுக்கு அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணு, பெருசானதும் லெட்டர் போட்டுக்கட்டும் என்று சொன்னாய். பழக்க தோஷத்தில் இரண்டு மூன்று பேர் ஆமென் சொல்லிவிட்டார்கள். அப்புறமும் உன் குரல் ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்டர் ஒயரைப் பிடுங்கினார். டெல்மி எழுந்து நின்றாள். இன்னொரு வாட்டி போடுங்க பாஸ்டர், அவரு எம் புள்ளைய பேரு சொல்லிக் கூப்பிட்டாரு என்றாள். அவர் வேணாம்மா என்றார். போடுங்க என்றாள். போட்டார். முழுவதும் நின்றபடி கேட்டாள், கேட்டுவிட்டு உட்கார்ந்து, அடக்கத்தன்றும் அழாதவள் அன்று அழுதாள். தெருவில் நின்று கேட்ட தோனியா சோன் முக்காடு கூடப் போடாமல் ஓடிவந்து, வாழ்க்கையில் முதல்முறையாக நம் சபைக்குள் கால் வைத்து, மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அன்று மத்தியானமே உன் அப்பா பெயிண்ட் டப்பாவும் தூரிகையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். டெல்மி கதவை மறித்து நின்றுவிட்டாள். தோனியா சோன், உயிரோடு இருக்கிற பிள்ளையின் பெயரைச் சிலுவையில் எழுதினால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று பயந்தார். டெல்மி சொன்னது அது இல்லை. அவரு அந்தப் பேர அவங்களுக்குக் குடுத்துட்டாரு மாமா, குடுத்ததத் திருப்பி எடுக்கக் கூடாது, இப்ப அது அவங்க வீட்டுப் பேரு, அந்தம்மா சரின்னு சொன்னா பங்கு வாங்கிக்குவோம், சொல்லாட்டி எம் புள்ள சும்மாவே இருக்கட்டும் என்றாள். உன் அப்பா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். வேறு பெயரே கிடையாதா என்று நான் கேட்டேன். நீங்க கேட்டீங்கல்ல அத்தை, எப்படிச் சொன்னாருன்னு, அதே பேருதான் வேணும் என்றாள். உன்னிடம் சொல்லவேண்டும் என்று அன்றுதான் அவளும் ஒப்புக்கொண்டாள், பாஸ்டரும் தலையைக் குனிந்துகொண்டு டாக்டர் எலியாசர் போவதை அவரே வந்து சொன்னார்.

ஆகவே மகனே, சமைக்கிற அந்த அம்மாளிடம் அந்தப் பெயரில் பங்கு கேட்டு நீ போகவேண்டும். அவர் பெயரைக்கூட நீ சொல்லவில்லை. நடந்ததை உள்ளபடி சொல், பைபிள் வசனம் எதுவும் சேர்க்காதே. பெற்றவள், அவளுக்குப் புரியும். கூசினால், பயந்தால், வற்புறுத்தாதே, அவர்கள் ஊரில் இதற்கு என்ன வழக்கமோ. அவர் என்ன சொன்னாலும் குழுத் தலைவர் டவுனுக்குப் போகும்போது டெல்மிக்கு நேராகச் சொல்லி அனுப்பு, பாஸ்டர் வழியாக வேண்டாம், ஒலிபெருக்கியில் இனி உன் குரலைப் போடவேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். வேலையை முடித்துவிட்டு வருவாயோ பாதியில் வருவாயோ, அதை நான் சொல்ல மாட்டேன், உன் அப்பாவைக் கேட்டால் இன்றே வா என்பார். டெல்மியோடு பேசும்போது எடுத்தவுடன் ஜெபம் பண்ண ஆரம்பிக்காதே, எப்படி இருக்கிறாய் என்று முதலில் கேள், அவள் சொல்லி முடிக்கட்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. சாப்பாட்டை விட்டுவிட்டு அழுதுகொண்டு கிடக்காதே, அங்கே உனக்குப் பரிமாறுகிறவள் பச்சை உடம்புக்காரி, உன்னால் அவளுக்கும் கஷ்டம்.

உன்னைக் கொடுத்த கர்த்தர் உன்னை ஒடியாமல் தாங்குவாராக, உன் கைவேலையையும் உன் மனைவியையும் ஆசீர்வதிப்பாராக, நீ வந்து சேரும்வரை எங்களுக்கு உயிரை வைத்திருப்பாராக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்த அம்மாளிடம் கேட்கும்போது, அவர் சரி என்றாலும் இல்லை என்றாலும், குழந்தையை ஒரு நிமிடம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள். மேடையில் தூக்குவாயே அப்படித் தூக்கிப் பிடித்து, பெயர் சொல்லிக் கூப்பிடு. நாங்கள் யாரும் நம் பிள்ளையை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா ஃப்ளோரிந்தா