சந்தனாவின் ராத்திரி மாத்திரை

செஞ்சி
29-5-66

அன்புள்ள மகன் அப்பாண்டைராஜுக்கு அம்மா மருதேவி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் இருக்கிறோம், வெயில் மட்டும்தான் பூரண சுகத்தோடு இருக்கிறது. நீ பிலாய் இரும்பாலையில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க ஜினேந்திரர் அருள வேண்டும். ஷிப்டு முடிந்து இருட்டிய பிறகுதான் நீ சாப்பிடுவாய் என்று எனக்குத் தெரியும், பொழுது சாய்ந்தால் சாப்பிடாத நம் வழக்கத்தைச் சொல்லி உன்னைக் கேள்வி கேட்கப் போவதில்லை, பட்டினி மட்டும் கிடக்காதே.

உன் கடிதம் வந்து நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் யாராவது கூப்பிடுகிறார்கள். மலைப் பாறையெல்லாம் பகலில் குடித்த சூட்டைப் பொழுது சாய்ந்ததும் தெருவில் கக்குகிறது, தூக்கமில்லை. எனக்கு லீவாம். எதிர்வீட்டு லட்சுமியம்மாள் வாசலில் நின்றுகொண்டு டீச்சரம்மாவுக்கு இன்னா, சர்க்காரு சும்மா குந்தவச்சி சம்பளம் குடுக்குது என்கிறாள். லீவில் பாதியை ரேஷன் கார்டு கணக்கெடுப்பு தின்றுவிட்டது. வீடு வீடாக நடந்தேன். சேரிப் பக்கம் போக வேண்டாம், அவங்களே வந்து எழுதிக்கிவாங்க என்று மேலதிகாரி சொன்னார். போனேன், எழுதினேன், அதற்கும் ஒரு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். மீதிப் பாதி லீவு சந்தனாவோடு போயிற்று. அதைத்தான் எழுத வந்தேன்.

உன் தங்கை தை மாதம் பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்து விழுந்ததும், பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியதும், காலையில் ஒன்று ராத்திரி படுக்கும்போது ஒன்று என்று மாத்திரை கொடுத்ததும் உனக்குத் தெரியும். அப்புறம் நடந்ததை எழுதவில்லை. பங்குனியில் உன் அத்தை லீலாவதி அனந்தபுரத்திலிருந்து வந்து தங்கினாள். அவள் போன பிறகு சித்திரை முழுக்க இந்தப் பெண் விழுந்துகொண்டே இருந்தாள், எல்லாம் விடியற்காலையில்தான். பாயில் கையும் காலும் இழுத்துக்கொண்டு கிடப்பாள், உன் நைனா இரும்புச் சாவியைத் தேடிக்கொண்டு வீடெல்லாம் ஓடுவார். பூர்வ ஜென்ம வினை என்று சொல்லி அனுப்பினாள் உன் அத்தை. வினை என்று சொல்லிவிட்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அவ்வளவு வசதியான சொல் அது.

மறுபடி பஸ் ஏறினோம். டாக்டர் சின்ன வயதுக்காரர், வாசலில் நூறு பேர் நிற்கிறார்கள், அவருக்கும் அலுப்புதான். மாத்திரை ஒழுங்கா குடுத்தா ஏன் விழுறா, குடுக்கிறதில்லை நீங்க என்று சத்தம் போட்டார். நான் என் கையால் வைக்கிறேன் என்றேன். மாத்திரையை இரட்டிப்பாக்குகிறேன் என்று பேனாவை எடுத்தார். இருங்கள், அவள் தலைக்குள் என்ன நடக்கிறது, அதை முதலில் சொல்லுங்கள் என்றேன். சொன்னா உங்களுக்குப் புரியாதும்மா என்றார். நான் ஒண்ணாவது பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள், புரியவில்லை என்றால் சொல்கிறவரைத்தான் நான் சந்தேகப்படுவேன் என்றேன். சிரித்துவிட்டார். அப்புறம் சொன்னார். மூளையில் கோடி கோடியாக நரம்பணுக்கள் இருக்கிறதாம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் துளித் துளியாக மின்சாரம் போய்க்கொண்டே இருக்குமாம். உங்க கிளாஸ்ல ஒரு பிள்ளை பேசும், மத்தது கேட்கும், அதனாலதான் பாடம் நடக்குது, எல்லாப் பிள்ளையும் ஒரே நேரத்துல கத்தினா இன்னா ஆகும், அதுதான் வலிப்பு, மாத்திரை அந்த வாத்தியார் மாதிரி என்றார். பேயும் இல்லை வினையும் இல்லை. ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை இதைச் சொல்ல. தை மாதமே சொல்லியிருக்கலாம். காரில் வந்து இறங்கியிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

இரட்டிப்பு மாத்திரை எழுதுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் ஹெட்மாஸ்டர் விநாயகம் சாருடைய மைத்துனன் டாக்டருக்குப் படிக்கிறான், அவனுடைய பழைய புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். இங்கிலீஷ். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் சந்தனாவும் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு படித்தோம். மண்டியிலிருந்து சாப்பிட வருகிற உன் நைனா போகாமல் உட்கார்ந்துவிடுவார். பேச்சுக்கு ஓர் இடம், பார்வைக்குப் பின்பக்கம் ஓர் இடம், வலது கையை ஆட்டுவது இடது பக்கத்து மூளை. உன் நைனா வலது கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டார். சந்தையில மூளை விக்கிறவன் கடையத் தாண்டும்போது துண்டால மூக்க மூடிக்கினு ஓடுறீங்களே நைனா, வீட்டுல அதே மூளைய எட்டி எட்டிப் பாக்குறீங்க என்று இந்தப் பெண் கேட்டது, அவர் சிரித்துப் புரை ஏறிவிட்டது. அந்தக் கொஞ்ச நாள்தான் இந்த லீவில் லீவு. எனக்கு டிரெயினிங் ஸ்கூலில் சாக்பீஸ் பிடிக்கவும் மணிமணியாக எழுதவும் சொல்லிக்கொடுத்தார்கள், பிள்ளைகளின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வகுப்பில் கண்ணைத் திறந்தபடி ஒரு நொடி எங்கேயோ போய்விட்டு வருகிற பிள்ளைக்குக் கூட அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாமாம். நம் பள்ளிக்கூடங்களில் அதற்கு மந்தம் என்று பெயர், பிரம்பு என்று மருந்து.

ஒரு நாள், மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டால் வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும் என்கிற இடத்தைப் படித்தோம். அவள்தான் அகராதி பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினாள். அம்மா, ராத்திரி மாத்திரைய நான் முழுங்கறதே இல்லை, பொழுது சாஞ்சா தண்ணிகூடத் தொடமாட்டேன்னு அத்தை என்னை விரதம் எடுக்க வச்சாங்க, நோவு போற வரைக்கும் விடக்கூடாதுன்னாங்க, நீ தலைமாட்டுல வச்சத எடுத்து விடிஞ்சதும் குப்பையில போட்டுடுவேன் என்றாள். எனக்குக் கை ஓங்கிவிட்டது, அடிக்கவில்லை. நோய் போக வேண்டும் என்று நோய்க்கான மருந்தையே விட்டிருக்கிறது பெண். நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு இப்படித் தோன்றும். மருந்துக்கு ஒரு வாய் தண்ணீர் குற்றமில்லை என்று எவ்வளவோ சொன்னேன். எடுத்த விரதத்தை உடைக்க மாட்டேன் என்று அழுதாள். உடைத்தால் மறுபடி விழுவோம் என்கிற பயம் அவளுக்கு.

அவளோடு மல்லுக்கு நிற்காமல் மூன்றாம் தடவை பஸ் ஏறினேன். நாங்கள் ஜைனர், அவள் இருட்டினால் எதுவும் உட்கொள்ள மாட்டாள், பொழுதோடு கொடுக்கலாமா என்று கேட்டேன். தாராளமாகக் கொடுக்கலாம், ரெண்டாவதை நீங்க பொழுதோட சாப்பிடுற சாப்பாட்டோட குடுத்துடுங்க, இத ஏன் முன்னாடியே சொல்லலை என்றார். நீங்கள் கேட்கவில்லை என்றேன். இப்போது சூரியன் மலைக்குப் பின்னால் போவதற்குள் எங்கள் எதிரில் முழுங்குகிறாள். அதற்குப் பிறகு விழவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

இதற்கு நடுவில் உன் அத்தை அவலூர்பேட்டையிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தாள். கடலை மண்டிக்காரர்கள், பையன் பேர் மகாவீரன். பத்தாவது போகிற பெண்ணுக்கு என்ன அவசரம் என்று கேட்டேன். தாலி ஏறினா எல்லாம் அடங்கிடும், நீ வாய மட்டும் மூடிக்கினு இரு என்றாள். உன் நைனா தங்கை பேச்சைத் தட்டமாட்டார், வரச் சொல்லிவிட்டார். வந்தார்கள். பையனுடைய அம்மா சொஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, பொண்ணு உடம்புக்கு ஒண்ணும் கோளாறு இல்லையே என்று கேட்டாள். உன் அத்தை முந்திக்கொண்டு, இது வரைக்கும் ஒரு தும்மல் போட்டதில்லை எங்க பொண்ணு என்றாள். தட்டை ஏந்திக்கொண்டு நின்ற சந்தனா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பது. அங்கே போய் முதல் வலிப்பு வந்தால் ஏமாற்றினார்கள் என்று அடிப்பார்கள், மாத்திரையை ஒளித்துத் தின்ன வேண்டும், ஒளிக்க முடியாத நாளில் மறுபடி விழ வேண்டும். வலிப்பு இருக்குது, மருந்து சாப்பிடுறா, படிக்கிறா, இதுக்கு மேல தெரிஞ்சிக்கணும்னா கேளுங்க என்றேன். அந்தம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். பையன் செருப்பைத் தேடினான். பெத்தவளாடி நீ, உம் பொண்ணு தலையில நீயே மண்ண வாரிப் போட்டியே என்று தெருவரைக்கும் கேட்கும்படி கத்திவிட்டு உன் அத்தை அடுத்த பஸ்ஸுக்குப் போனாள். உன் நைனா அப்புறம், சொன்னது சரிதான், சொல்ற விதம் ஒண்ணு இருக்குது என்றார். எந்த விதமா சொன்னா வலிப்பு தும்மலா மாறும் என்று கேட்டேன். சந்தனா உள்ளே போய் மீந்த சொஜ்ஜியை எல்லாம் தின்றாள், பொழுது சாய்வதற்குள்.

இப்போது உன் விஷயம். விழுப்புரத்தில் உனக்குப் பேசின பெண் வீட்டிலிருந்து, ஆடி கழியட்டும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு என்ன பொருள் என்று உனக்கும் தெரியும். காரணம் நான்தான், நான் வலிப்பைச் சொன்னது அங்கேயும் எட்டிவிட்டது, கோபம் வந்தால் என்னைத் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உன் அத்தை போகும்போது இன்னொன்றும் சொன்னாள். அப்பாண்டைராஜே எனக்கு எழுதிட்டான், என் கல்யாணம் முடியற வரைக்கும் தங்கச்சி வலிப்ப யாருக்கும் சொல்லாதீங்கன்னு, அவனுக்கு இருக்கிற புத்தி பெத்தவளுக்கு இல்லை என்றாள். நிஜமா பொய்யா எனக்குத் தெரியாது. சந்தனா அதைக் கேட்டாள். அன்றிலிருந்து உன் பேரை எடுக்கவில்லை, நான் எடுத்தாலும் எழுந்து போய்விடுகிறாள். நீ எழுதியிருந்தால்கூட எனக்கு ஆச்சரியமில்லை, ஊரே அப்படித்தானே நினைக்கிறது. நான் களைத்துப் போயிருக்கிறேன் ராஜா, உனக்கும் அவளுக்கும் நடுவில் நின்று சமாதானம் பேச என்னிடம் தெம்பில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும் அவள் போவாள். விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சாவியைத் தேடாதீர்கள் என்று அவள் டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் நீ ஒரு கடிதம் போடு. அத்தைக்கு எழுதியது உண்மை என்றால் உண்மை என்று எழுது, பொய்யென்றால் பொய்யென்று எழுது. எனக்கு எழுதும் கடிதத்துக்குள் மடித்து வைக்காதே, உறையின் மேல் அவள் பேரையே எழுது. தபால்காரர் வாசலில் நின்று சந்தனா என்று கூப்பிடட்டும், தெரு கேட்கட்டும், அவளே வெளியே வந்து கை நீட்டி வாங்கட்டும்.

தீர்க்காயுசாய், யாருக்கும் பயப்படாதவனாய் இரு. அங்கே வெயிலில் உலைப் பக்கம் நிற்கிறவன், நீராகாரம் குடிக்க மறக்காதே. நைனாவின் ஆசியும் உண்டு.

இப்படிக்கு,
உன் அம்மா
த. மருதேவி