வீட்டுக்கு ஓர் இடம்

டக்ளோபான்
9 மார்ச் 1999

அன்புள்ள டெல்ஃபினுக்கு,

நீயும் பிள்ளைகளும் நலமா? நீ அனுப்பிய கருவாடு வந்து சேர்ந்தது. விடுதிப் பெண்கள் வாசனை பிடித்துத் தட்டோடு வந்துவிட்டார்கள்.

செய்தி நல்லதல்ல. வெல்டிங் தேர்வில் நான் தேறவில்லை. என் வேலையில் குறையில்லை. கடைசியில் தேர்வாளர் ஒரு கப்பல் குழாய் இணைப்பைக் காட்டி, "இது சரியாத்தானே இருக்கு, மிண்டா?" என்றார். அதில் விரிசல் இருந்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் நரைத்த தலை, பெரிய அதிகாரி. எப்படி எதிர்த்துப் பேசுவது? "ஆமாங்க சார்" என்றேன். "கப்பல் முழுகிடுச்சும்மா" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

நம் எண்ணெய் ஆலை மூடியபோது அரசு வீட்டுக்கு ஒருவருக்குத்தான் பயிற்சி தந்தது. உன் பெயருக்கு வந்த இடத்தை எனக்குக் கொடுத்தாய். இன்னும் ஒரு முறைதான் எழுதலாம். அதிலும் தேறாமல் போனால் நம் இருவருக்குமே ஒன்றுமில்லை.

உன்னை நினைத்தபடி,
மிண்டா

கியுவான்
15 மார்ச்

மிண்டா,

சிரித்துவிட்டேன், கோபிக்காதே. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒரு தடவையாவது "ஆமாங்க" சொல்லியிருக்கிறாயா? கூரையில் ஏறி நின்று ஓலை சரியா என்று கேட்டால், கீழேயிருந்தே நாலு குறை சொல்வாய். அந்தத் தேர்வாளரை நானென்று நினைத்துக்கொள்.

கள்ளுக்கடையில் நம் பழைய ஆலைக் கூட்டாளி நார்சிசோ, "பொண்டாட்டி நெருப்புப் பிடிக்கிறா, நீ பானை பிடிக்கிறியா? பாவாடைக்கு அடியிலயே கிடடா" என்றான். "அங்க நல்ல நிழல்டா" என்றேன். வெளியே வந்த பிறகு வலித்தது. உன்னிடம் மறைக்க மாட்டேன்.

ஆனால் ஆலைக் கொதிகலனில் கசிவை முதலில் கண்டது நீ. பக்கத்திலேயே நின்ற எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இடத்தை உனக்குக் கொடுத்தேன். பெரிய தியாகமாக்கி அழாதே.

டெல்ஃபின்

டக்ளோபான்
2 ஏப்ரல்

என் டெல்ஃபின்,

தேறிவிட்டேன். அதே மனிதர், வேறொரு குழாய். "இது நல்லாத்தானே இருக்கு?" என்றார். மனசுக்குள் உன்னைக் கூரையில் நிறுத்திப் பார்த்தேன். "இல்லைங்க சார், இது ஒழுகும்" என்றேன். முறைத்துவிட்டு, "இதைச் சொல்ல இவ்வளவு நாளாச்சா?" என்றார்.

செபு நகரில் கப்பல் பட்டறையில் வேலை, குடும்பத்தோடு தங்க அறையும் உண்டு. அரசாங்கத்துக்கும் நன்றி, உனக்கு அதைவிட நன்றி. இதை நேரில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய்.

பட்டமளிப்பில் தேறியவர் சட்டையில் ரிப்பன் குத்தப் பெற்றோரைத்தானே மேடைக்கு அழைப்பார்கள்? நான் உன் பெயரைக் கொடுத்தேன். எழுத்தர், "புருஷனா? ஏம்மா, அப்பா அம்மா இல்லையா?" என்றார். "அம்மா இருக்காங்க. ஆனா புருஷன் பேருக்கு வந்த இடத்துலதான் நான் படிச்சேன்" என்றேன். ஊரே பேசும். பரவாயில்லையென்றால் வா.

மிண்டா

கியுவான்
8 ஏப்ரல்

மிண்டா,

உன் அம்மா இதைக் கேட்டதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இப்போது என் சட்டைக்கு அவரேதான் கஞ்சி போடுகிறார்.

நேற்று நார்சிசோ வந்தான். கேலி செய்யத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். வாசலிலேயே நின்று மெதுவாக, "அடுத்த பயிற்சிக்கு என் பொண்டாட்டி பேரைக் குடுக்க யாரைப் பார்க்கணும்?" என்றான். உட்கார வைத்துச் சோறு போட்டேன்.

பிள்ளைகளோடு வருகிறேன். தலையணையில் ரிப்பன் குத்திப் பழகுகிறேன், ஊசி என் விரலிலேயே ஏறுகிறது. மேடையில் தடுமாறினால் கையைப் பிடித்துக்கொள்.

உன் டெல்ஃபின்