எரிச்சலுக்கு ஒன்று, இறுக்கத்துக்கு ஒன்று

பெப்ரவரி 9, திங்கள்
காலையிலிருந்து பனிமூட்டம். துவைத்த சேலை இன்னும் காயவில்லை.

வகுப்பில் தூங்கிவிட்டேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாடம் வாசிக்க, கேட்டுக்கொண்டே கண் சொருகிவிட்டது. விழித்தபோது ஒரே நிசப்தம். முன் வரிசை ரோகிணி உதட்டில் விரல் வைத்து மற்றவர்களை அடக்கிக்கொண்டிருந்தாள். நான் தூங்கட்டுமாம். வாசலில் பள்ளிக்கூட அதிபர்.

திட்டவில்லை. அதுதான் கஷ்டம். “டீச்சர், ஒங்களுக்கு ஏலலேன்னா சொல்லுங்க. இது ஸ்கொலர்ஷிப் பரீட்சை வகுப்பு. வேற ஆளுக்குக் குடுத்துடலாம்.”

எம்.எஸ். என்ற நரம்பு நோய் வந்ததிலிருந்து உடம்பு எனக்குச் சொந்தமில்லை. கால் எரிச்சலுக்கு பண்டாரவளை டாக்டர் தந்த கபபென்டின். கால் இறுக்கத்துக்கு கிளினிக்கில் தந்த பக்லோஃபென். ஒருவர் எரிச்சலைக் கேட்கிறார், மற்றவர் இறுக்கத்தைக் கேட்கிறார். பகலில் விழித்திருக்கிறாயா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

10, செவ்வாய்
தூறல். முட்டை, மண்ணெண்ணெய், சிவப்பு மை வாங்க வேண்டும்.

முடிவு: இந்தத் தூக்கம் போக ஒரு மருந்தை விட வேண்டும்; பக்லோஃபென் வேண்டாம். எரிச்சலைத் தாங்க முடியாது, இறுக்கத்தைத் தாங்கலாம். வீட்டுக்காரர் அருளிடம் சொல்லவில்லை. சொன்னால் தான் ஓட்டும் தேயிலைக் கொழுந்து லொறியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போவார்.

11, புதன்
தலை தெளிவு! பின்னக் கணக்கு முழுவதும் நானே நடத்தினேன். ரொட்டியைப் பாதி, கால் என்று பிய்த்துக் காட்டினேன். ஒரே சிரிப்பு. அதிபர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பார்க்கட்டும்.

சாயங்காலம் தொடை கல் மாதிரி. குளிர்தான்.

12, வியாழன்
குளிர் இல்லை.

(வெள்ளிக்கிழமை, பதுளை ஆஸ்பத்திரி வார்டில் எழுதுகிறேன்.) கரும்பலகையிலிருந்து திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு காலும் தாமாக நீண்டு விறைத்தன. மேசை உதைபட்டுக் கவிழ்ந்தது. பிள்ளைகள் அழுதார்கள். அருளுக்கு போன் பண்ணி வரவழைத்தார்கள். அவரும் அதிபரும் சேர்ந்து முழங்காலை மடக்கப் பார்த்தும் ஆட்டோவுக்குள் என்னை ஏற்ற முடியவில்லை. கடைசியில் கொழுந்து லொறியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். வியர்வை, காய்ச்சல், நடுக்கம். என்ன பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை.

14, சனி
பக்கத்துக் கட்டில் பாட்டி விடாமல் ஜெபமாலை. சோறு குழைந்திருந்தது.

யாழ்ப்பாணத்து டாக்டர், சின்னப் பெண். இரண்டு மருந்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்த முதல் ஆள். “டீச்சர், இந்த பக்லோஃபென் குளிசையை ஒரேயடியா விடக்கூடாது. உயிருக்கே ஆபத்து. குறைச்சுக் குறைச்சுத்தான் நிப்பாட்ட வேணும்.”

ஏன் இதை முன்னாலேயே யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் என் அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டார்.

இரண்டுமே தூக்கம் தருமாம். சேர்த்து எடுக்கலாம், ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் கூட்டக் கூடாது. பக்லோஃபெனைக் கூட்டிக்கொண்டே போய் இறுக்கத்தை முழுக்க எடுக்கவும் கூடாதாம். “அந்த இறுக்கத்திலதான் நீங்கள் எழும்பி நிக்கிறீங்கள். அது இல்லாட்டி விழுந்திடுவீங்கள்.”

என்னை வதைப்பதுதான் என்னைத் தாங்குகிறது. நல்ல நியாயம்.

17, செவ்வாய்
வீடு. வெயில். சேலை காய்ந்துவிட்டது.

புது ஏற்பாடு: பக்லோஃபென் கொஞ்சமாக மறுபடி. கபபென்டினில் காலை அளவைக் குறைத்து, இரவில் அதிகம். ஆக, பகலில் எரியும். ஆனால் விழித்திருப்பேன்.

அருள் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். “லொறில நீ கெடந்தத நான்தான பாத்தேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல.” அவர் என் காலைப் பிடித்து நீவிவிட்டார்; தொட்டாலே எரிகிறது என்று சொல்ல மனம் வரவில்லை.

19, வியாழன்
அதிபர் போன். வகுப்பைப் புதிதாக வந்த டீச்சரிடம் கொடுத்தாயிற்றாம். எனக்கு நூலகம். ஓய்வாக இருக்கலாமாம். அந்த அறையில் புத்தகத்தை விடக் கரையான்தான் அதிகம்.

கத்தவில்லை. இன்டர்வலுக்கு முந்திய கணக்குப் பாடத்தை மட்டும் தாருங்கள், உட்கார்ந்தபடி நடத்துகிறேன், புது டீச்சர் பின்னால் இருந்து பார்க்கட்டும் என்றேன். “சரி, பாக்கலாம்” என்றார்.

23, திங்கள்
மறுபடி பனி. போனேன். உட்கார்ந்தபடியே தசமம் தொடங்கினேன். பாதங்களில் கொதிநீர் ஊற்றின மாதிரி எரிச்சல், மணி அடிக்கும்வரை. தூங்கவில்லை. புது டீச்சர் பின் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் அதிபர் கேட்டார், “வலி இருக்கா டீச்சர்?”

இல்லை சார் என்றேன்.