அம்மாவின் கருமாதிப் பத்திரிகை

அன்புத் தங்கச்சிக்கு,

நீ கொடுத்தனுப்பிய அம்மாவின் கருமாதிப் பத்திரிகையை உன் மகள் எப்சிபா நேற்று கொண்டுவந்து தந்தாள். மிக்க நன்றியம்மா.

நம் வம்சாவளி எழுதுவதற்காகக் கம்பம் முதல் போடி வரை சொந்தக்காரர் வீடுகளில் பழைய போட்டோக்களும் கல்யாணப் பத்திரிகைகளும் சேர்த்துவிட்டேன். கருமாதிப் பத்திரிகை மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. "அதைப் போயி யாராச்சும் வீட்டுல வைப்பாகளா? படிச்சதும் கிழிச்சுப் போட்ருவோம்ல" என்று ஏசினார்கள்.

நீ ஏன் வைத்திருந்தாய் என்று எப்சிபாவிடம் தயங்கித்தான் கேட்டேன்.

"உங்க வீட்டுப் பத்திரிகைல எங்கம்மா பேரு இருக்கிறது இது ஒண்ணுதான் மாமா" என்றாள்.

உண்மைதான். நீ சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டபின் எந்த விசேஷத்திலும் உன் பெயரை நாங்கள் அச்சடிக்கவில்லை. இதில் மட்டும் மகள், மருமகன் என்று உங்கள் இருவர் பெயரும் இருப்பது, அம்மா கடைசியில் பெரியண்ணனிடம் சத்தியம் வாங்கியதால்தான். உனக்குத் தெரியுமோ என்னவோ.

வம்சாவளியில் உன்னைச் சேர்க்கக் கூடாது என்றிருந்த அவரிடம் இன்று அந்தப் பத்திரிகையைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அவ பேரப்பிள்ளைக வரைக்கும் கேட்டு எழுதுடா" என்றார்.

அதற்காக ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் சர்ச்சிலிருந்து திரும்பியதும், கூடலூரில் உன் வீட்டுக்கு நான் வரலாமா? பெரியண்ணனும் வருகிறேன் என்கிறார்.

உன் பதிலை எதிர்பார்த்து,
சின்னண்ணன்