எந்தத் தலைக்கட்டு?

செம்பனேந்தல்,
3.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வேல்பாண்டி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். திருப்பூரில் உன் கைவலி குறைந்ததா? பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்க்காதே என்றால் கேட்க மாட்டாய். போனில் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுகிறேன் என்று குறைப்படுகிறாயே, அதனால்தான் இந்தக் கடுதாசி. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ஒரு நல்ல சேதி. நம் காளியம்மன் கபடிக் குழுவில் இனிமேல் கெஸ்ட் பிளேயர் கிடையாது. நாலு வருஷமாக என்ன நடந்தது? அரியானாவில் இருந்து மூன்று பேர், கேரளாவில் இருந்து ஒருவன் என்று கூலி பேசிக் கூட்டி வந்து இறக்கினோம். கோப்பை வந்தது, நிசம்தான். மறுநாள் காலையில் அவர்கள் காரைக்குடி ஜங்ஷனில் ரயில் ஏறிவிடுவார்கள். நம் பையன்கள் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு நின்றதுதான் மிச்சம். உன் மகன் மாயக்கண்ணன் ரைடு போனால் நாலு பேர் சேர்ந்தாலும் பிடிக்க முடியாது. அவனையே இரண்டு வருஷம் வெளியே உட்கார வைத்தோம். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

செயலாளர் என்ற முறையில் விதியை நானே எழுதினேன். 'நம் ஊர்த் தலைக்கட்டுப் பிள்ளைகள் மட்டுமே ஆட வேண்டும்.' கோயில் திருவிழாவுக்கு வரி கொடுக்கிற வீட்டுப் பிள்ளை என்று போட்டுவிட்டால் ஒரு பயலும் வெளியாளைக் கொண்டுவர முடியாதல்லவா? மே மாதம் நம் ஊர் ஆட்டத்தைப் பார்க்கச் சென்னையில் இருந்து ஒரு புரொபஷனல் அணிக்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்கும் இப்போது உள்ளூர்ப் பிள்ளைகள்தான் வேண்டுமாம். ஊர்க் குழு ஒரு கடிதம் கொடுத்தால் கூட்டிப் போய்விடுவார்கள். மாயன்தான் போவான், எழுதி வைத்துக்கொள்.

உன் தம்பி,
வேல்பாண்டி


திருப்பூர்,
11.3.2024

என் அருமைத் தம்பி வேலுவுக்கு,

உன் கடுதாசியை மிஷினில் உட்கார்ந்தே மூன்று தரம் படித்தேன். சூப்பர்வைசர் வந்து, "என்னக்கா, லாட்டரி விழுந்துருச்சா?" என்று கேட்டான். ஆமாப்பா என்றேன்.

இரண்டு வருஷமாக நான் போன் பண்ணும்போதெல்லாம், "இன்னைக்கு எறக்குனாகளாடா?" என்று கேட்பேன். "இல்லம்மா, அடுத்த ஆட்டம்" என்பான். அந்தக் குரலைக் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது. இனி அந்தக் கவலை இல்லை. நீ செய்த காரியத்துக்கு உன் வாயில் சர்க்கரை போட வேண்டும். உன் பெண்டாட்டி உமையாள் உன்னைச் சர்க்கரை பக்கமே விட மாட்டாளே, பாவம்.

மாயனுக்குத் தினம் இரண்டு முட்டை கொடுக்கச் சொல். உன் மகன் அக்ஷய்க்கும்தான். ஒரே பாயில் படுத்து வளர்ந்த பிள்ளைகள். மே மாதம் நான் லீவு சொல்லியாகிவிட்டது. வந்து முன்வரிசையில் உட்காருவேன்.

அன்புள்ள அக்கா,
அகிலா


செம்பனேந்தல்,
14.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். பதில் எழுதத் தாமதம். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. கண்மாயில் தண்ணீர் இல்லை. உமையாள் உன்னைக் கேட்டாள்.

வேறொன்றுமில்லை. போன வாரம் கமிட்டி கூடியது. ஆட்டக்காரர் பட்டியலை வாசித்தேன். மாயன் பெயர் வந்ததும் சொக்கு அம்பலம் எழுந்து, "வேலு, விதியெல்லாம் நல்லாத்தேன் எழுதியிருக்க. இவன் எந்தத் தலைக்கட்டு? அவுக அப்பன் ஊரு இளையான்குடிப் பக்கமுல்ல? பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சுன்னா அவ பிள்ளை வெளியாளுதேன்" என்றார். பிறகு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "செயலாளரு அக்கா மகனுக்கு ஒரு விதி, ஊருக்கு ஒரு விதியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் பேச வேண்டும் என்றுதான் இருந்தேன் அக்கா. விதி என் கையெழுத்தில் இருக்கிறது. என்ன பேச? இந்த ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளச் சொல் மாயனை. அவன் இடத்தில் அக்ஷய் இறங்குகிறான். அதை நான் சொல்லவில்லை, அவர்களாகவே முடிவு செய்தது.

உன் தம்பி,
வேல்பாண்டி


திருப்பூர்,
20.4.2024

தம்பி வேலுவுக்கு,

பசு கன்று போட்டதில் சந்தோஷம்.

குடிகாரனிடம் அடிபட்டு, மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் வந்து நின்றபோது, "இது உன் வீடு ஆத்தா, உள்ள வா" என்றார் அப்பா. பதினெட்டு வருஷம் அவன் அந்த ஊர்த் தண்ணீரைத்தான் குடித்தான். அந்தப் புழுதியில்தான் முழங்காலைப் பேர்த்துக்கொண்டு கபடி படித்தான். அவனுக்கு இளையான்குடிக்குப் பஸ் எங்கே நிற்கும் என்றுகூடத் தெரியாது. அவன் வெளியாள் என்றால் யார்டா உள்ளூர்க்காரன்?

அப்பா செத்த வருஷம் நான் திருவிழா வரி கட்டப் போனேன். "பொம்பளை பேருல தலைக்கட்டு கெடையாது, எடுத்துக்கிட்டுப் போ ஆத்தா" என்று திருப்பிக் கொடுத்தார்கள். நீ பக்கத்தில்தான் நின்றாய். விதி எழுதும்போது அது உனக்கு ஞாபகம் வரவில்லையா? அரியானாக்காரனை நிறுத்த எத்தனையோ வழி இருக்கிறது. 'ஊரில் வளர்ந்தவன்' என்று எழுதியிருந்தால் கை ஒடிந்தா போயிருக்கும்?

மாயனுக்கு இருபத்தொரு வயது முடிகிறது. அடுத்த வருஷம் சென்னைக்காரர்கள் அவனை எடுக்க மாட்டார்கள், வயது தாண்டிவிடும். உனக்கும் தெரியும். அக்ஷய் நன்றாக வரட்டும், அவனும் என் பிள்ளைதான். ஆனால் கூட்டத்தில் எழுந்து 'இவன் எங்க வீட்டுப் பிள்ளை' என்று ஒரே ஒரு வார்த்தை சொல் வேலு. நீ சொல்லிவிட்டு ஊர் கேட்கவில்லை என்றால் என் மனசு ஆறிவிடும்.

அகிலா


செம்பனேந்தல்,
27.5.2024

அக்காவுக்கு,

நீ ஆட்டத்துக்கு வரவில்லை. நாம் ஜெயித்தோம். அக்ஷயை எடுத்துக்கொண்டார்கள். கடிதம் கொடுத்திருக்கிறேன்.

மாயன் பத்து நாளாக வீட்டில் இல்லை. அறந்தாங்கிப் பக்கம் ஏதோ ஒரு ஊருக்குக் கெஸ்ட் பிளேயராகப் போயிருக்கிறான் என்று கேள்வி. போகும்போது உமையாளிடம், "அத்தை, வெளியாளுன்னு ஆனப்புறம் கூலிக்காச்சும் ஆடுறேன்" என்றானாம். என்னிடம் சொல்லவில்லை. உன் கடிதம் வந்தது. கூட்டத்துக்குப் போனேன். பேசவில்லை.

வேல்பாண்டி


மதுரை,
8.7.2024

தம்பி வேலுவுக்கு,

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜூன் 29 அன்று மழை பெய்து சேறான தரையில் ஆட்டம் வைத்திருக்கிறார்கள். மாயன் ரைடு போனபோது கால் வழுக்கியிருக்கிறது. நாலு பேர் மேலே விழுந்தார்கள். கழுத்தில் தண்டுவடம் நசுங்கிவிட்டது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை அவனுக்கு. ஈ உட்கார்ந்தால் நான்தான் ஓட்டுகிறேன்.

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆட்டக்காரர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறதாம். அடிபட்டு ஆறு வாரத்துக்குள் சேர்த்தால் கை இரண்டுமாவது திரும்ப வழி உண்டு என்கிறார் இங்குள்ள டாக்டர். அதற்குப் பதிவு பெற்ற குழு, 'இவன் எங்கள் ஆட்டக்காரன்' என்று எழுதித் தர வேண்டும். கூலிக்குக் கூட்டிப் போனவர்களிடம் கேட்டேன். அங்கேயும் வெளியாள் இறங்கக் கூடாது என்று விதியாம். மாயனை முத்துராமன் என்ற அந்த ஊர்ப் பையன் பெயரில் இறக்கியிருக்கிறார்கள். அவர்கள் காகிதத்தில் அடிபட்டது முத்துராமன். அந்த முத்துராமன் வீட்டில் நன்றாக இருக்கிறான். "எங்க லிஸ்ட்டுல ஒங்க மகன் பேரே இல்லையேம்மா" என்கிறார்கள்.

நம் குழு பதிவு பெற்றது. சீல் உன்னிடம் இருக்கிறது. இரண்டு வருஷம் வெளியே உட்கார்ந்தாலும் அவன் பெயர் நம் பட்டியலில் இருந்தது. நடந்ததை எல்லாம் விட்டுவிடுகிறேன், உன் காலில் விழுகிறேன், ஒரு வரி எழுதிக் கொடு. ஆகஸ்ட் பத்தோடு ஆறு வாரம் முடிகிறது.

அக்கா,
அகிலா


செம்பனேந்தல்,
19.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தேன். உள்ளே வர மனசு வரவில்லை. பழத்தையும் காளியம்மன் திருநீற்றையும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வந்து சேர்ந்ததா?

கடிதம் விஷயம். இந்த வருஷம் எங்கள் குழுவில் தலைக்கட்டுப் பிள்ளைகள் தவிர எவரும் கிடையாது என்று நான் சென்னை அணிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது மாயனையும் நம் ஆள் என்று எழுதினால், எது பொய் என்று கேட்பார்கள். அக்ஷயின் ஒப்பந்தம் ஆகஸ்ட் 20 அன்று கையெழுத்தாகிறது. அதுவரை மட்டும் பொறு. மறுநாளே எழுதி அனுப்புகிறேன், காளியம்மன் மேல் சத்தியம். டாக்டர்கள் ஆறு வாரம் என்பது ஒரு கணக்குக்குச் சொல்வது, பத்து நாள் முன்னே பின்னே ஆகலாம் என்று இங்கே மெடிக்கல் ஸ்டோர்க்காரர் சொன்னார். வேறு எதுவானாலும் கேள் அக்கா, செய்கிறேன்.

உன் தம்பி,
வேல்பாண்டி


திருப்பூர்,
2.9.2024

வேல்பாண்டிக்கு,

நீ அனுப்பிய கடிதம் ஆகஸ்ட் 28 அன்று கிடைத்தது. சீல் நன்றாக விழுந்திருக்கிறது. 'மாயக்கண்ணன் எங்கள் ஊரில் வளர்ந்த பிள்ளை, எங்கள் குழுவின் ஆட்டக்காரர்' என்று அழகாக எழுதியிருக்கிறாய். சென்னைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த டாக்டர் வயதானவர், நல்ல மனிதர். தேதியைப் பார்த்தார். "ரெண்டு வாரம் முந்தி கொண்டாந்திருந்தாக்கூட பார்த்திருக்கலாம்மா" என்றார். இத்துடன் அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

மாயனைத் திருப்பூருக்குக் கொண்டுவந்துவிட்டேன். கம்பெனிக்குப் பக்கத்திலேயே அறை. மத்தியானம் ஓடிவந்து ஊட்டிவிட்டுப் போகிறேன். உன்மேல் அவனுக்குக் கோபம் இல்லை. "மாமா என்னம்மா செய்வாரு" என்கிறான். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

இனிமேல் எனக்குக் கடுதாசி போடாதே, வாசல்வரை வந்துவிட்டும் போகாதே. நான் செத்தால் சேதி எப்படியாவது உன் காதுக்கு வரும். பிறந்த வீட்டுக் கோடி என்று ஒரு சேலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதே. கோடி போட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டால், அவளுக்குப் பிறந்த வீடு இல்லை என்று சொல்லச் சொல்லி மாயனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவனுக்கு வாய் நன்றாகத்தான் இருக்கிறது.

அகிலாண்டேஸ்வரி