பொன்முடிக்கு இன்று ஜீப் போகாது

அண்ணா,

காலையில் ஜீப்பின் இடப்பக்கச் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, சாக்பீஸ் கோடு போட்டு, நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர்வீலில் போட்டுக் கையால் சுற்றினேன். பின்சக்கரம் முழுச்சுற்று வந்தும் முன்சக்கரக் கோடு பிந்தியே நின்றது. அப்பா ஜீப்போடு கல்லாற்றில் உருண்டபோது உடைந்த முன் ஆக்சிலுக்குப் பதிலாகப் பழைய இரும்புக்கடையில் ஒன்றை வாங்கி மாட்டினீர்களே, அதன் கியர்ப் பல் கணக்கு வேறு. மழையில் ஃபோர்வீல் போட்டால் முன்னும் பின்னும் மல்லுக்கட்டும். பொன்முடி மலை வளைவில் ஸ்டியரிங் திரும்பாது.

"என் வண்டியக் கொற சொல்லாதல" என்று நேற்று கை ஓங்கினீர்கள். அப்பாவைக் கல்லாற்றிலிருந்து தூக்கியது நாம் இரண்டு பேரும்தான்.

இட்லி மூடி வைத்திருக்கிறது. சவாரிக்கு எஸ்டேட் ஆட்கள் வந்தால் வண்டி வராது என்று சொல்லிவிடுங்கள்.

உச்சிமாகாளி

சாவி ஆணியில்தான் இருக்கிறது. சக்கரங்களைக் கழற்றிவிட்டேன், நட்டெல்லாம் என் பையில்.

அடிக்க வேண்டுமென்றால் ஒர்க்‌ஷாப்புக்கு வாருங்கள். நடந்து வாருங்கள்.