ஓட்டத்தான் முடியாது

என் உயிர் மாப்ள அந்தோணிக்கு,

நீ போன இடத்தில் பஸ் உண்டா? இருந்தால் இந்நேரம் நீ பின்படியில்தான் நின்றுகொண்டிருப்பாய். "உள்ள போங்கய்யா, உள்ள இடம் கெடக்கு" என்று நீ கத்துவது எனக்கு இங்கே கேட்கிற மாதிரியே இருக்கிறது.

நான் இப்போதெல்லாம் தூக்கத்தில்தான் பஸ் ஓட்டுகிறேன். சிரிக்காதே. கண்ணை மூடினால் போதும், நம்முடைய நிலக்கோட்டை வண்டி வந்து நிற்கிறது. மல்லிகைக் கூடைகளோடு சனம் ஏறுகிறது, நீ விசில் கொடுக்கிறாய், புளியமரங்கள் ஒவ்வொன்றாக வந்து விலகிப் போகின்றன. கனவில் மட்டும் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிகிறது. நடுவில் கட்டிலை உதைத்துப் பிரேக் போடுகிறேனாம். "யாரை ஏத்துறதுக்கு இந்தப் பிரேக்கு போடுறீக? எம்மேல ஏத்திப்புடாதீக" என்கிறாள் உன் தங்கச்சி வளர்மதி.

விடிந்தால் எல்லாம் மங்கல். நீ போன பிறகு என் கண் நரம்பு கெட்டுவிட்டது மாப்ள. கண்ணாடி போட்டாலும் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத்தான் இருக்கிறது உலகம். சிறுமலை எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடிவதில்லை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படிப் பார்க்கிறவன் கையில் வண்டி நிறைய உயிரைக் கொடுக்கலாமா? நானே போய்ச் சொன்னேன். அன்றைக்கு வண்டியை விட்டு இறங்கி, டயர் பக்கம் நின்று அழுதேன்.

மெடிக்கல் போர்டு 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டது. டெப்போ மேனேஜர் கூப்பிட்டு உட்காரவைத்து டீ சொன்னார். மேனேஜர் டீ சொன்னாலே பயப்பட வேண்டும் என்பாயே.

"அண்ணே, இம்புட்டு வருசம் ஒழைச்சது போதும். உடம்பு முடியலைன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டு வீட்டுல நிம்மதியா இருங்க. இல்லாட்டி நாங்க ஆர்டர் போட்டு அனுப்புற மாதிரி ஆயிரும்."

கெட்ட மனிதர் இல்லை. அவர் சொல்லச் சொல்ல எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கண் தெரியாத டிரைவருக்கு டெப்போவில் என்ன வேலை? சம்பளம் நின்றால் சின்னவளுடைய நர்சிங் படிப்பும் நிற்கும் என்று தெரிந்தும் பேனாவை வாங்கிவிட்டேன்.

அப்போதுதான் நீ வந்து நின்றாய். சர்க்கரையில் கால் போன பிறகு, ஊன்றுகோலோடு இதே அறையில் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "சர்வீசுல இருக்கையில ஊனம் வந்தா வெளியே அனுப்பக் கூடாது சார், சட்டம் இருக்கு. ஏறி எறங்க முடியாட்டி உக்காந்து பாக்குற வேலை குடுங்க. அதே சம்பளத்துல." டிக்கெட் மெஷின் கொடுக்கிற ஜன்னலில் கடைசிவரை இருந்தாய். ஓசிச் சம்பளம் என்று முதுகுக்குப் பின்னால் பேசினவனுக்கும் சிரித்துக்கொண்டே மெஷினை எடுத்துக் கொடுத்தாய்.

பேனாவைப் பிடித்தபடியே கேட்டேன். "எதுக்கு முடியலைன்னு எழுதணும் சார்?"

"வேலைக்குத்தாண்ணே."

"ஓட்டத்தான் சார் முடியாது. வேலை பாக்க முடியாதுன்னு நான் சொல்லலையே."

"டிரைவர் வேலையே ஓட்டுறதுதானேண்ணே?"

"ஆமா சார். அந்த வேலைய எடுத்துக்கங்க, வேற ஒன்னு குடுங்க."

"வேற எடம் எதுவும் காலி இல்லையே."

"எடம் வர்ற வரைக்கும் வச்சிருக்கணும்னு அந்தச் சட்டத்துலயே இருக்காம்ல சார்."

டீ ஆறிப்போனது. கண் மங்கியதால் பேருந்து ஓட்ட இயலாது, வேறு பணி வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மேலே அனுப்பியிருக்கிறார்களாம். என்ன பதில் வருமோ தெரியாது. உனக்கு அங்கிருந்து ஏதாவது தெரிகிறதா?

தினமும் காக்கி போட்டுக்கொண்டு போய் டெப்போ பெஞ்சில் உட்காருகிறேன். புகையும் வெயிலும் கலந்த வெளிச்சத்தில் வண்டிகள் மிதந்து வருகின்றன, மிதந்து போகின்றன. சில பேர் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார்களாம். நல்லவேளை, எனக்கு அது தெரிவதில்லை.

நேற்று ஒரு டிரைவர் வண்டியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "வாங்கண்ணே, ஷெட்டுக்குள்ளயே ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க. யாரும் பாக்கல" என்றான். பாசத்தில்தான் சொன்னான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கை பரபரத்தது மாப்ள. எழுந்துபோய் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். அப்புறம் எடுத்துவிட்டேன்.

உனக்கு இரண்டு சத்தியம் செய்கிறேன். இனி எந்தக் காலத்திலும் ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன். எவர் சொன்னாலும் வேலையை விட்டுக் கிளம்ப மாட்டேன்.

இரண்டாவது லேசுதான். முதலாவதுக்கு நீ கொஞ்சம் துணைக்கு இரு.

என்றைக்கும் உன் மாமன்,
முருகேசன்